வெற்றுப் பட்டியல்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரமாக ஒரு மேசை கிடைக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதனால் வெளிச்சத்தின் அருமை தெரியும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், சும்மா சொன்னேன். எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

எங்கள் வேலை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொள்கிறார்கள். கீழே விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அதை அமுக்குவார்கள். உடனே எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் திரையில் அவர் பெயர் வரும். அவர்கள் போன் செய்வார்கள். எடுக்காவிட்டால் ஆளை அனுப்புவார்கள். பொத்தானுக்கும் திரைக்கும் நடுவில் நடப்பதைப் பார்த்துக்கொள்வது மாடியில் இருக்கும் நாங்கள்.

அந்த நடுவில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பொத்தானை அமுக்கியவர்களின் விவரம் சர்வரிலிருந்து பட்டியலாக வருவதில்லை. பட்டியல் மாதிரி வேஷம் போட்ட ஒரே நீள எழுத்துச் சரமாக வரும். அந்த வேஷத்துக்கு ஜேசன் என்று பெயர். முதல் விசாரணையின்போது உங்கள் உதவியாளர், ஜேசன் என்பவர் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று கீழே விசாரித்தாராம். ஆள் இல்லை, எழுதும் முறை. அந்தச் சரத்தை வெட்டி, ஒவ்வொருவர் விவரமாகப் பிரித்து, நிஜமான பட்டியலாக்கித் திரையில் அடுக்குவது இணையப் பக்கத்தில் ஓடும் எங்கள் நிரல். சரத்தில் ஒரு கமா அதிகமாகிவிட்டாலோ, ஒரு மேற்கோள் குறி வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டாலோ அது அதோடு நின்றுவிடும். போனால் போகிறது என்று விட்டுப் படிக்கிற பெருந்தன்மை அதற்குக் கிடையாது.

அலுவலகத்தில் என்னைக் கமா என்பார்கள். மூன்று பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் அகப்படாத ஒரு கமாவை நான் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய நிரலில் ஒரே ஒருவர் விவரத்தில் பிழை இருந்தாலும் திரை முழுக்கக் காலியாகிவிடும். கீழே இருப்பவர்கள் பதறிப்போய் மாடிக்குப் போன் போடுவார்கள். "கமா அண்ணனைக் கூப்பிடுங்க." மாதத்துக்கு ஐந்தாறு தடவை இது நடக்கும். லிப்ட் இருந்தும் நான் படியில்தான் இறங்கிப் போவேன். கதவைத் திறந்ததும் பத்து முகங்கள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பும். மேலாளரம்மா கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பார். "நீங்க மட்டும் இல்லன்னா எங்க கதி என்ன?" என்பார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். எல்லோரும் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருஷமாகியும் அவள் புதுசுதான். வந்த இரண்டாம் மாதமே எனக்கு இரண்டு மேசை தள்ளி ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். காரணம் கேட்டேன். "அந்த மேசை காலியா இருந்துச்சு" என்றார் மேலாளரம்மா. நியாயமான காரணம்தான்.

அவள் மூன்று வாரம் உட்கார்ந்து அந்த நிரலைத் திருப்பி எழுதினாள். மொத்தச் சரத்தையும் ஒரே மூச்சில் பிரிக்காமல் ஒவ்வொருவர் விவரத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். ஒருவருடையதில் பிழை இருந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பிழை உள்ளவருக்கு மட்டும் திரையின் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை வரும். பொத்தானின் எண்ணைக் காட்டி, 'படிக்க முடியவில்லை, உடனே கூப்பிடவும்' என்று சொல்லும். கீழே இருக்கும் பெண்கள் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். என்னிடம் காட்டியபோது நான் மூன்று தடவை படித்தேன். குறை சொல்ல ஒரு இடம் இல்லை. "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் அண்ணா" என்றாள். மனதார அப்படிச் சொல்கிறவர்களைத் திட்டக்கூட முடியாது.

அதற்குப் பிறகு என் மேசைப் போன் அடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, கெட்டுவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும், தனி வீட்டில், கழுத்தில் எங்கள் பொத்தானோடு. தினமும் மதியம் ஒன்று பத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். அவள் எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்விடுவாள். கண்ணாடிக் கதவு வழியாகச் சிரிப்பது தெரியும். இருபது நிமிஷம் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று யோசித்துக்கொண்டே நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். வீட்டில் ஒருநாள் இதைச் சொன்னேன். இன்னொரு நாளும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. என் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேச்சு இல்லாம உங்களுக்கு ஒருவேளை சோறு இறங்காதா?" என்றாள். அவள் வேறு அர்த்தத்தில் சொன்னாள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை.

அந்தப் பெண்தான் என்னை அவள் அப்பா வீட்டுக்கு அழைத்தாள். அவள் அப்பா ஒரு அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் பிழை திருத்தியவர். என் பட்டப்பெயரைக் கேட்டதும் பார்த்தே தீர வேண்டும் என்றாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் இரண்டு பூந்தொட்டிகள், உள்ளே ஒரு சோபா, அலமாரியில் இண்டு இடுக்கில்லாமல் புத்தகங்கள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் கமா போட வேண்டுமா கூடாதா என்று நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்கு எழுபத்தாறு வயது. "உங்களுக்குப் பிழை பார்க்கிற கண்ணு இருக்கு தம்பி. அது சொல்லிக் கொடுத்து வராது" என்றார். என் அப்பா என்னுடைய மதிப்பெண் அட்டையைப் பார்த்தால், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். சீட்டு விளையாடுவோம். ஞாயிறு என்பதால் அவளும் அங்கே வந்து, உள்ளே துணி மடித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்பாள். அவள் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அவர் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். ஒரு நிமிஷத்துக்குள் கீழ்த்தளத்துப் பெண் கூப்பிடுவாள். "ஒண்ணுமில்லம்மா, சும்மா பாத்தேன்" என்று வைத்துவிடுவார். அவர் விவரம் எப்போதும் சிவப்புப் பட்டையில்தான் வரும். காரணம் அவரேதான். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று எங்கள் படிவத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவர், சாவி "நீல" தொட்டியின் அடியில் என்று எழுதி, நீலத்துக்கு இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோள் குறி போட்டிருந்தார். ஜேசனில் அந்தக் குறியை வைத்துத்தான் ஒரு விவரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நிரல் தெரிந்துகொள்ளும். நடுவில் இன்னொன்று வந்தால், வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து, மிச்சத்தைப் பார்த்து முழி பிதுங்கி நின்றுவிடும்.

மகள் எடுக்கச் சொன்னபோது பெரியவர் மாட்டேன் என்றுவிட்டார். "இன்னொரு தொட்டியும் ஏறக்குறைய நீலம்தாம்மா. அழுத்திச் சொல்லணும்னா குறி வேணும். நான் எழுதுனதுல பிழை இல்ல. படிக்கிறதுக்குத் தெரியலன்னா அதைத் திருத்துங்க." அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். சர்வர் பக்கம் என் பொறுப்பு. "அண்ணா, குறிப்புல மேற்கோள் வந்தாலும் சரத்தை ஒழுங்கா அனுப்புற மாதிரி பண்ணிடுங்களேன்." பார்க்கிறேன் என்றேன். அரை மணி நேர வேலை. ஏழு வாரம் அது என் பட்டியலில் கிடந்தது. சிவப்புப் பட்டைதான் இருக்கிறதே, என்ன அவசரம் என்று அவளிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

நான்காவது ஞாயிறோ ஐந்தாவதோ, சீட்டைக் கலைத்துக்கொண்டே பெரியவர் சொன்னார்: "எம்பொண்ணு எழுதுனதுல இப்போ கமா தப்பாப் போனாலும் ஒண்ணும் ஆகாதாமே தம்பி? இனிமே உங்களுக்கும் நிம்மதி." பத்து மணி ஆகியிருந்தது. பொத்தானை அமுக்கினார். போன் வந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பாத்தீங்களா? அவளுக்கு என் கண்ணு. ஆனா என்னைவிட ஒரு படி மேல."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அன்று மூன்று ஆட்டத்திலும் நான் ஜெயித்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கணினியைப் பூட்டவில்லை. என் முன்னால் அவள் எப்போதும் பூட்டமாட்டாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். படிக்க முடியாத விவரம் வந்தால் சிவப்புப் பட்டையைக் காட்டு என்று சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அதை எடுத்துவிட்டு, அங்கே ஒரு வெற்றுப் பட்டியலைத் திருப்பிக் கொடு என்று எழுதினேன். வெற்றுப் பட்டியல் என்றால் இரண்டு சதுர அடைப்புக்குறிகள், உள்ளே ஒன்றும் இல்லை. பிழை வந்தால் நிரல் அதை விழுங்கிவிட்டு, யாரும் கூப்பிடவில்லை என்று திரைக்குச் சொல்லும். மொத்தம் இரண்டு வரி. பார்ப்பதற்கு முன்பைவிடச் சுத்தமாக இருந்தது. அவள் பெயரிலேயே அனுப்பினேன். பிறகு என் மேசைக்கு வந்து, யார் அனுப்பினாலும் படித்துப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பு என்னுடையது என்பதால், 'பார்த்தேன், சரி' என்று என் பெயரில் போட்டேன். ஒன்று பதினாறு. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போனைப் பார்த்தால் அந்த இருபது நிமிஷமும் அப்பாவோடு பேசியது பதிவாகியிருக்கும். இதை யாருமே பார்க்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

யாரையும் சாகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பதிவுகள் முழுவதிலும் பிழையோடு இருந்தது அவர் ஒருவர் விவரம்தான். அதைச் சரிபார்த்த பிறகே செய்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் பொத்தானை அமுக்குவார், போன் வராது. மறுபடி அமுக்குவார், வராது. நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிடுவார். அவள் முகம் போகும் போக்கை அவரும் பார்ப்பார். பிறகு நான், கொடுங்கள் பார்க்கிறேன் என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுப்பேன். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அவர் வியாழக்கிழமை விழுந்துவிட்டார்.

சர்வரிலிருந்து வரும் சரங்களை அப்படியே, பிரிக்காமல் பார்ப்பதற்கு என் கணினியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் ஓடும். வேறு யாரும் அதைத் திறப்பதில்லை, கண் வலிக்கும் என்பார்கள். வியாழன் மதியம் மூன்று ஐந்துக்கு அவர் சரம் வந்தது. பெயர், வயது, முகவரி, சாவி "நீல" தொட்டியின் அடியில். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிறு இல்லை.

பொத்தான் தவறுதலாக எங்காவது அமுங்கியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி வந்தது. பிறகு மூன்றாவது. மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து அமுக்கியிருந்தார். கீழ்த்தளத்தின் திரையை நான் இன்னொரு பக்கத்தில் திறந்து பார்த்தேன். அழைப்புகள் இல்லை என்று பச்சையில் இருந்தது. நான் எழுதியது நான் நினைத்தபடியே வேலை செய்தது.

போனை எடுத்து அவர் எண்ணைச் சுற்றியிருக்கலாம். ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். திரையில் வராதது எனக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்புறம் ஞாயிறும் கெட்டுப்போகும். இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது ஆறாவது வந்தது. அந்தப் பெண் என் மேசையில் ஒரு கப் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "ஆறிடும் அண்ணா, குடிங்க" என்றாள். நான் ஜன்னலைச் சின்னதாக்கினேன். "என்ன, மறுபடி கமா வேட்டையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போன பிறகு பெரிதாக்கினேன். ஏழும் எட்டும் வந்திருந்தன.

மொத்தம் பதினொன்று. கடைசிச் சரம் மூன்று நாற்பத்தெட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றையும் படித்தேன். பதினொன்றிலும் அதே பெயர், அதே முகவரி, அதே மேற்கோள் குறிகள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டீயைக் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது.

ஐந்து மணிக்கு அவள் அப்பாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதே எழுந்துவிட்டாள். டாக்ஸியில் நான்தான் கூடப் போனேன். அவள் கைப்பை என் மடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நீலத் தொட்டியை நகர்த்திச் சாவியை எடுத்துத் திறந்தார். பெரியவர் குளியலறையில் கிடந்தார். பொத்தான் கைக்குள் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படிச் சொல்லாமல் இருக்கலாம். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. நான் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

காரியங்கள் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாகப் பதிவுகளைத் தேட ஆரம்பித்தாள். பதினோரு சரங்களும் சர்வரில் பத்திரமாக இருந்தன. வந்தது ஏன் திரைக்குப் போகவில்லை என்று நிரலைப் பார்த்தாள். இரண்டு வரியையும் பார்த்தாள். மேலே அவள் பெயர், செவ்வாய்க்கிழமை என்ற தேதி.  பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இதை நான் எப்போ எழுதுனேன்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ அனுப்பின, நான் சரி போட்டேன்."

"எனக்கு ஞாபகமே இல்லண்ணா."

"அந்த வாரம் நீ சரியாத் தூங்கலன்னு சொல்லிட்டிருந்த."

அவள் தலையை ஆட்டினாள். அந்த வாரம் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும், எந்த வாரத்தில் கேட்டாலும், சரியாகத் தூங்கவில்லை என்றுதான் தோன்றும்.

நீங்கள் நடத்திய முதல் விசாரணைக்கு நான் வந்திருந்தேன். மூன்றாவது வரிசை. அலுவலகத்தில் இருந்தவர்கள், பொத்தான் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், எங்கள் நிறுவனத்தின் வக்கீல். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "நான்தான் எழுதுனேன். எழுதுன ஞாபகம் இல்ல. ஆனா எம்பேர்ல இருக்கு, அதனால நான்தான். எங்கப்பா என்னை நம்பிதான் அதைக் கழுத்துல போட்டிருந்தார்." உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் பேசினாள். மேலாளரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நீங்களும் கண்ணாடியைக் கழற்றினீர்கள், நான் பார்த்தேன். அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. நிரல்களின் பாதுகாப்பு முழுவதையும் இனி அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்று அறிவித்தார்கள். இவ்வளவு நேர்மை உள்ளவரிடம்தான் அதைக் கொடுக்க முடியும் என்று வக்கீல் சொன்னார்.

உங்கள் அறிக்கையில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. ஒப்புதல் அளித்தவர் பிழையைக் கவனிக்கத் தவறினார். நான் கவனிக்கத் தவறினேனாம். பதினேழு வருஷத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பார்த்தேன்.

அதனால்தான் வந்திருக்கிறேன். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது இல்லையா. செய்யாத ஒன்றுக்கு அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த இரண்டு வரியும் என்னுடையவை. செவ்வாய்க்கிழமை நான் எழுதினேன். வியாழக்கிழமை அவர் பதினோரு தடவை கூப்பிட்டதை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து படித்தேன். ஒருவருக்கும் தகவல் சொல்லவில்லை. அவரைக் கொன்றது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். அன்று அவள் பேசியபோது அந்தக் கூடத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எண்ணினேன். இப்போது இதைக் கேட்பதற்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். கூடத்துக்குச் சாவி யாரிடம் இருக்கும்? அவர்களையெல்லாம் ஒரு தடவை வரச்சொல்ல முடியுமா? அவசரமில்லை, எத்தனை நாளானாலும் நான் காத்திருக்கிறேன். அவளும் வர வேண்டும். முன்வரிசையில் உட்கார வையுங்கள்.